தீயில் வேகாத நஞ்சு



1979ஆம் ஆண்டில் நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஆண்டுதோறும் மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, அங்கு வாழும் உயிர்களை நேரில் காட்டுவது எங்கள் வழக்கம். அவ்வாறு சென்றிருந்த ஒரு நாள் காலையில், உப்பங்கழி ஒன்றின் ஓரமாகப் பெண்கள் சிலர் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கைகளால் துழாவி மட்டி எடுத்துக்கொண்டிருந்தனர். கரையில் கூடை கூடையாக மட்டி குவிந்திருந்தது. அதனைக் கண்ட மாணவர் ஒருவர் என்னை நோக்கி, "ஐயா, இவை நீரில் உள்ளவற்றையெல்லாம் வடிகட்டி உண்பவை என்று நேற்றுத்தான் வகுப்பில் கூறினீர்கள். அந்நீரில் நஞ்சு கலந்திருந்தால், இவற்றை உண்பவருக்குத் தீங்கு நேராதா?" என்று வினவினார். நான் சிறிதும் தயங்கவில்லை. "நன்றாக வேகவைத்தால் ஒரு தீங்கும் இல்லை, நெருப்புக்கு முன் எந்த நஞ்சு நிற்கும்?" என்று விடை கூறினேன். மாணவரும் அதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவர் கேட்ட வினா மிக நல்ல வினா. நான் கூறிய விடையோ முற்றிலும் தவறானது. எத்துணைத் தவறானது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். அதனை எவ்வாறு உணர்ந்தேன் என்பதையும், சரியான விடை யாது என்பதையும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் இந்தப் பிராணிகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். மட்டி, பாறையில் ஒட்டி வளரும் சிப்பி, முத்துச்சிப்பி ஆகிய யாவும் ஒரே குடும்பத்து உறவினர் எனலாம். இரண்டு ஓடுகளைக் கதவுகள் போல் மூடித் திறந்து வாழ்பவை இவை. இரை தேடி அலைவதில்லை, துரத்திப் பிடிப்பதுமில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கடல் நீரை உள்ளே இழுத்து, சல்லடை போன்ற தம் செவுள்களின் வழியே செலுத்தி, அந்நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களைப் பிரித்து உண்டு, எஞ்சிய நீரை வெளியே விடுகின்றன. நன்கு வளர்ந்த சிப்பியொன்று ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட நீரை இவ்வாறு வடிகட்ட வல்லது. இரவும் பகலும் நடைபெறும் இவ்வேலையால், கடல் நீரில் எங்கோ ஒரு துளியாகப் பரவிக் கிடப்பது சிப்பியின் உடலில் செறிந்து சேர்ந்துவிடுகிறது. நல்ல உணவு சேர்வதும் இவ்வழியே. நஞ்சு சேர்வதும் இவ்வழியே.

நஞ்சு சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு, நாள் குறித்து எழுதப்பட்ட பழைய சான்று ஒன்று உண்டு. 1793ஆம் ஆண்டில் ஜார்ஜ் வான்கூவர் என்னும் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அளந்து படம் வரைந்துகொண்டிருந்தார். இன்று கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா எனப்படும் பகுதி அது. ஜூன் 15ஆம் நாள் காலையில், படகுகளில் சென்ற அவருடைய ஆட்கள் சிறு குடா ஒன்றில் கரையேறி, பாறைகளில் கிடைத்த சிப்பிகளைச் சுட்டுக் காலை உணவாக உண்டனர். சிறிது நேரத்திற்கெல்லாம் சிலருக்கு முகமும் கைகால்களும் மரத்துப்போயின, பின்னர் மரமரப்பு உடலெங்கும் பரவியது, தலை சுழன்றது. வியர்வை வரத் துடுப்பு வலித்தால் நோய் நீங்கும் என்று கருதி, ஜான் கார்ட்டர் என்னும் மாலுமி தம்மால் இயன்ற மட்டும் துடுப்பு வலித்தார். கரைக்கு வந்ததும் வெந்நீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய முயன்றனர். பயன் விளையவில்லை. காலையில் நலமாக உணவு உண்ட அம்மனிதர் பிற்பகல் ஒன்றரை மணிக்கு உயிர் நீத்தார். அவரை அடக்கம் செய்த விரிகுடாவுக்கு அவருடைய பெயரையும், சிப்பி உண்ட குடாவுக்கு 'நஞ்சுக்குடா' என்னும் பொருள்படும் பெயரையும் வான்கூவர் சூட்டினார். அப்பெயர்கள் இன்றும் தேசப்படங்களில் உள்ளன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாலுமிகள் சிப்பியைப் பச்சையாக உண்ணவில்லை, சுட்டே உண்டனர்.

இந்நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. கப்பல்களின் அடியில் பொதிந்த செப்புத் தகட்டிலிருந்து வருகிறது என்றனர் சிலர். சிப்பி நோயுற்றுக் கெட்டுப்போவதே காரணம் என்றனர் வேறு சிலர். 1885இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாபென் துறைமுகத்தில் சிப்பி உண்டவர்கள் நஞ்சுக்கு ஆளாகிச் சிலர் இறந்தபோது, அந்நாட்டு அறிஞர்கள் சிப்பியின் உடலிலிருந்தே நஞ்சைப் பிரித்தெடுக்க முயன்றனர். ஆயினும் அது சிப்பிக்குள் எவ்வாறு வந்தது என்னும் வினா அப்படியே நின்றது.

விடை கிடைத்தது கலிபோர்னியாவில். 1927ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரை அடுத்த கரையில் சிப்பி உண்டவர்களுள் 102 பேர் நோயுற்றனர்; அவர்களுள் 6 பேர் இறந்தனர். கார்ல் மேயர், ஹெர்மன் சோமர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் இதன் காரணத்தைக் கண்டறிய முற்பட்டனர். அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. ஆனால் அளவிறந்த பொறுமையை வேண்டுவது. கரையிலிருந்து சிப்பிகளை இடைவிடாது எடுத்து, அவற்றின் சாற்றைச் சுண்டெலிகளுக்கு ஊசி வழியே செலுத்தி நஞ்சின் அளவை அறிந்தனர். அத்துடன் கடல் நீரையும் எடுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை இனம் பிரித்து எண்ணினர். ஆண்டுகள் பல சென்றன. நீரில் ஒரு குறிப்பிட்ட ஓரணு உயிர் பெருகும்போதெல்லாம் சிப்பியில் நஞ்சு ஏறுவதையும், அது மறைந்த பின் நஞ்சு படிப்படியாகக் குறைவதையும் கண்டனர். 1937இல் இந்த முடிவுகள் வெளியாயின. குற்றவாளி சிப்பி அன்று. சிப்பியின் உணவே என்பது உறுதியாயிற்று.

அந்த ஓரணு உயிரை இன்று அலெக்ஸாண்ட்ரியம் என்று அழைக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 30 உயிர்களை வரிசையாக நிறுத்தலாம், அத்துணைச் சிறியது. சூரிய ஒளியைக் கொண்டு தாவரம் போல் உணவு ஆக்கும். சாட்டை போன்ற இரண்டு இழைகளை அசைத்துப் பிராணி போல் நீந்தும். ஒளி, வெப்பம், உப்பின் அளவு, உரச்சத்து ஆகியவை ஏற்றவாறு அமைந்தால் ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் பிளந்து விரைவில் பெருகும். காலம் பாதகமானால், தடித்த உறை ஒன்றினுள் ஒடுங்கிக் கடலடிச் சேற்றில் விதைபோல் உறங்கும். மீண்டும் நல்ல காலம் வரும்போது விழித்தெழும். ஒருமுறை நஞ்சு தோன்றிய கடற்கரையில் அது மறுபடியும் தோன்றுவதற்கு இந்த உறக்கமும் ஒரு காரணம்.

இத்தகைய உயிர்கள் மிகுதியாகப் பெருகும்போது கடல் நீர் செம்மையாகவோ பழுப்பாகவோ தோன்றுவதுண்டு. இதனைச் 'செங்கடல் பெருக்கு' என்று பலரும் கூறுவர். ஆனால் நீரின் நிறத்தைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. நிறம் மாறிய நீர் நஞ்சற்றதாக இருக்கலாம். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரில், சிப்பியை நஞ்சாக்குவதற்குப் போதுமான உயிர்கள் இருக்கலாம்.

இனி, இந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதன் பெயர் சாக்சிடாக்சின். அலாஸ்காவில் கிடைக்கும் ஒருவகை மட்டியின் விஞ்ஞானப் பெயரிலிருந்து இப்பெயர் பிறந்தது. இதனைத் தூய நிலையில் பிரித்தெடுத்த செய்தி 1957இலும், இதன் அணு அமைப்பு 1975இலும் வெளியாயின. நம் உடலில் நரம்புகளின் வழியே செய்தி ஓடுவதற்கு, நரம்பின் மெல்லிய உறையில் உள்ள நுண்ணிய வாயில்களின் வழியே சோடியம் உட்புக வேண்டும். சாக்சிடாக்சின் அந்த வாயிலில், புட்டியின் வாயில் தக்கை பொருந்துவது போலப் பொருந்தி அடைத்துக்கொள்கிறது. செய்தி நின்றுவிடுகிறது. கட்டளை கிடைக்காத தசை அசைவதில்லை.

உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடும் நாவும் ஊசியால் குத்துவது போல் கூசும். பின்னர் விரல் நுனிகள் மரத்துப்போகும். காற்றில் மிதப்பது போன்ற உணர்வு தோன்றும். பேச்சு குழறும், கால் தள்ளாடும். நஞ்சு மிகுதியானால் மூச்சை இழுக்கும் தசைகளும் ஓய்ந்துவிடும். பெரும்பாலும் அறிவு தெளிவாகவே இருக்கும். தமக்கு நேர்வதை நோயாளி உணர்ந்துகொண்டேயிருப்பார் என்பதுதான் இதன் கொடுமை. இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் மருத்துவமனையில் செயற்கைச் சுவாசம் அளித்து முதல் நாளைக் கடத்திவிட்டால், உடல் தானே நஞ்சைச் சிறுநீரின் வழியே வெளியேற்றிவிடும். நோயாளி பெரும்பாலும் முழு நலம் பெறுவார். ஆகையால் இந்நோயில் காலமே மருந்து. மரமரப்புத் தோன்றியதும் படுத்து உறங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுவது உயிருக்கே உலைவைக்கும்.

மனிதனைக் கொல்லும் நஞ்சு சிப்பியை ஏன் கொல்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். சிப்பிகளின் நரம்பு வாயில்கள் இந்நஞ்சுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் ஒருவகை மட்டியைப் பற்றி 2005இல் வெளிவந்த ஆராய்ச்சி வியப்பூட்டுவது. நஞ்சு அடிக்கடி தோன்றும் கடற்பகுதியில் வாழும் மட்டிகளின் நரம்பு வாயிலில் மிகச் சிறிய மாறுதல் ஒன்று அமைந்திருப்பதால், அவை நஞ்சை எளிதில் தாங்குகின்றன. நஞ்சு தோன்றாத பகுதியில் வாழும் அதே இனத்து மட்டிகள் அவ்வளவு தாங்குவதில்லை. நஞ்சைத் தாங்கும் மட்டியே அதனை மிகுதியாகச் சேர்த்தும் வைக்கிறது. ஓடு திறந்து இறந்து கிடந்தால் நாம் ஐயுறுவோம். கொழுத்து நலமாக இருப்பதைக் கண்டு எவ்வாறு ஐயுறுவது?

இப்பொழுது என் பழைய விடைக்கு வருகிறேன். நெருப்பு எவற்றைக் கொல்லும்? நோய்க்கிருமிகளைக் கொல்லும், ஏனெனில் அவை உயிருள்ளவை. வேறு சில நஞ்சுகள் வெப்பத்தில் சிதைந்துபோவதும் உண்மையே. ஆனால் சாக்சிடாக்சின் உயிரன்று. அது சமையல் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் ஓர் இரசாயனப் பொருள். வேகவைப்பதால் அதில் ஒரு பகுதி சிப்பியை விட்டு நீங்கலாம். ஆனால் அழிந்துபோவதில்லை, வெந்த நீரில் கலந்துவிடுகிறது. அந்நீரையே சாறாகப் பருகினால் நிலைமை என்னவாகும்? 1987ஆம் ஆண்டில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில், சம்பெரிக்கோ என்னும் கடற்கரை ஊரில் மட்டிச் சாறு பருகிய மக்களிடையே இந்நோய் பரவியது. 187 பேர் நோயுற்றனர். 26 பேர் இறந்தனர். சிறு குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். குழந்தைகளுக்கு எளிதில் செரிக்கும் என்று நாம் கருதி ஊட்டுவது சாறுதான் அல்லவா?

சுவையும் துணை செய்யாது. இந்நஞ்சுக்குத் தனிச் சுவையோ மணமோ இல்லை. பெயரில் 'ஆர்' என்னும் எழுத்து வாராத ஆங்கில மாதங்களில் மட்டும் சிப்பியை விலக்கினால் போதும் என்று மேனாட்டார் நெடுங்காலம் கூறிவந்தனர். மே முதல் ஆகஸ்டு வரை உள்ள கோடை மாதங்கள் அவை. இவ்விதியையும் கடல் மதிக்கவில்லை. 1987ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் வளர்த்த சிப்பிகளை உண்டவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நீங்கிய பின்னும், அவர்களுள் சிலருக்கு நினைவாற்றல் திரும்பவில்லை. இஃது சாக்சிடாக்சின் அன்று, வேறொரு நஞ்சு. அந்நாட்டு விஞ்ஞானிகள் இரவு பகலாக உழைத்து, ஐந்து நாட்களுக்குள் அதனை டோமாயிக் அமிலம் என்று கண்டுபிடித்தனர். ஜப்பானியர் ஒருவகைக் கடற்பாசியைக் குடற்புழு நீக்கும் மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்து முன்பே அறியப்பட்டிருந்த பொருள் அது. இங்கும் சிப்பி அதனைத் தன் உணவாகிய நுண்ணுயிரிடமிருந்தே பெற்றிருந்தது.

இவையெல்லாம் தொலை நாடுகளின் செய்திகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1981ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டில், வயலூரில், மட்டி உண்டவர்கள் இந்நோய்க்கு ஆளாயினர். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் இறந்தனர். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் பாறைச் சிப்பி உண்டவர்களுள் ஏழு பேர் இறந்தனர்; நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையை நாடினர்.

வயலூர்ச் செய்தி எனக்கு எட்டிய நாளன்று, குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட அந்த மாணவரின் முகமே முதலில் என் நினைவுக்கு வந்தது. கல்லூரி நூலகத்திற்குச் சென்று தேடினேன். நான் மேலே கூறிய கலிபோர்னிய ஆராய்ச்சியைப் பற்றி ஒரு தடித்த நூலில் விரிவாகவே எழுதியிருந்தது. அந்நூல் பல ஆண்டுகளாக அந்த அலமாரியிலேயே இருந்தது. அப்பக்கத்தை நான் புரட்டியதில்லை. அதற்குள் அந்த மாணவரோ படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அவருடைய குறிப்பேடு எவ்வெவர் கைக்கு மாறியதோ, அந்த ஒரு வரி எந்தெந்த வீட்டு அடுப்படி வரை சென்றதோ நான் அறியேன்.

அப்படியாயின் மட்டியையும் சிப்பியையும் அறவே விலக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. அவை புரதம் நிறைந்த நல்லுணவு. நம் கடற்கரையில் எத்தனையோ எளிய குடும்பங்களுக்கு அவையே உணவும் பிழைப்பும் ஆகும். பெரும்பாலான நாட்களில், பெரும்பாலான இடங்களில் அவை தீங்கற்றவை. தீங்குள்ள நாளை எவ்வாறு அறிவது என்பதே வினா. கண்ணாலும் நாவாலும் அறிய இயலாததைச் சோதனையால்தான் அறிய இயலும்.

சோமரும் மேயரும் தொடங்கிய சுண்டெலிச் சோதனையே நெடுங்காலம் உலகெங்கும் அளவுகோலாக இருந்தது. 20 கிராம் எடையுள்ள சுண்டெலியை 15 நிமிடங்களில் கொல்லும் நஞ்சின் அளவை ஓர் அலகாகக் கொண்டனர். இன்று பல நாடுகளில் இரசாயன முறைகள் அதன் இடத்தைப் பெற்றுவிட்டன. 100 கிராம் சிப்பித் தசையில் சாக்சிடாக்சின் 80 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டால் அதனை விற்கலாகாது என்பது உலகில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. மனிதனைக் கொல்லச் சில மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகை உப்பைவிட அது மிகக் குறைவு. கலிபோர்னியாவில் ஆண்டுதோறும் மே 1 முதல் அக்டோபர் 31 வரை, தம் உணவுக்காகக் கரையில் சிப்பி எடுப்பதற்குத் தடை விதிப்பது வழக்கமாக இருந்து வருகிறது. தடை நீங்கிய மாதங்களிலும் சோதனை நிற்பதில்லை.

நாம் செய்யத்தக்கவையும் சில உண்டு. மீன்துறையோ சுகாதாரத் துறையோ சிப்பி எடுக்க வேண்டாம் என்று அறிவித்தால், அதனை மீறலாகாது. கடல் நீர் நிறம் மாறியிருக்கும்போதும், மீன்கள் செத்து ஒதுங்கும்போதும் அக்கரையில் சிப்பி எடுத்து உண்ணலாகாது. உண்ட பின் உதடு மரத்துப்போனால், அடுத்த அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என்ன உண்டோம் என்பதையும் மருத்துவரிடம் கூற வேண்டும். உடன் உண்டவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும். எஞ்சிய உணவைக் கொட்டிவிடாமல் சோதனைக்குக் கொடுத்தால், அதனால் மற்றோர் உயிர் பிழைக்கலாம்.

மாணவ நண்பர்களே, நெருப்பு எல்லாவற்றையும் தூய்மையாக்கும் என்னும் நம்பிக்கை நம் சமையலறையில் தலைமுறை தலைமுறையாக நமக்கு நன்மையே செய்திருக்கிறது. காய்ச்சிய நீரும் வெந்த சோறும் எத்தனையோ நோய்களை விலக்கியிருக்கின்றன. ஆயினும் நன்மை தந்த விதியும் எல்லா இடத்திற்கும் பொருந்துவதில்லை. அஃது எதுவரை பொருந்தும் என்று கேட்டு ஆராய்வதே விஞ்ஞானம். அன்று அந்த மாணவர் கேட்டார், நான் கேட்கவில்லை.

அவர் இன்று பேரன் பேத்திகளைக் கண்டிருப்பார். எங்கேனும் வானொலிப் பெட்டியின் அருகில் அமர்ந்து இதனைக் கேட்டுக்கொண்டிருப்பாராயின், அவரிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அந்தக் குறிப்பேடு இன்னும் இருக்குமானால், நான் சொல்லி நீங்கள் எழுதிய அந்த வரியை அடித்துவிடுங்கள், ஐயா. அதன் கீழே, 'இந்நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது' என்று எழுதுங்கள். இதனைக் கேட்கும் மற்றவர்கள் தங்கள் வீட்டாரிடம் ஒருமுறை சொல்லுங்கள்.